நாலரை

மஞ்சக்குப்பம் கல்யாண மண்டபச் சுவரில்
நேற்றைய தெர்மாகோல் எழுத்துகள் அப்படியே.
கடைசி எழுத்து உதிர்ந்து
மாப்பிள்ளை ரகுநந்தன்
ரகுநந்த என்று நிற்கிறார்.
அவருக்குக் கீழே பத்தொன்பதாம் பலகை.
எனக்கு வெள்ளை.

எதிரே எமிலியன். முத்தியால்பேட்டை.
விடியற்காலை பஸ்ஸில் வந்து
பாதித் தூக்கத்தை ஜன்னலோரம் விட்டுவிட்டவன்.
கைகுலுக்கினோம்.
உள்ளங்கை முழுக்க பிஸ்கட் தூள்.

அவனுக்கு ஐந்து நிமிடம், எனக்கு ஐந்து.
கூட்டித் தரும் நொடி கிடையாது.
ஏழாவது சுற்று. ஆளுக்கு நாலு பாயிண்ட்.

முதல் பதினைந்து காய் யோசனையே இல்லை,
பல் துலக்குவது மாதிரி.
பிறகு அவன் மந்திரி
என் யானையை ஓரத்தில் மடக்கியது.
நான் மந்திரியைத் தின்றேன், அவன் யானையை.
ராணிகள் ஒன்றையொன்று முடித்துக்கொண்டன.
கடிகாரத்தின் தலையில் அடிக்கிற சத்தம் மட்டும்
நாற்பது பலகையிலிருந்தும்
தகரக் கொட்டகையில் மழை போல.

கம்பிக் கதவுக்கு வெளியே அத்தா.
அவருக்குக் குதிரை எப்படிப் போகும் என்றே தெரியாது.
என் தோளைப் பார்த்து
ஆட்டத்தைக் கணக்குப் போடுகிறவர்.
நான் தோளை இறக்கி வைத்துக்கொண்டேன்.

மிச்சம்:
எனக்கு ராஜாவும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிப்பாயும்.
அவனுக்கு ராஜாவும் ஒரு கறுப்புக் குதிரையும்.
எனக்குப் பதினாலு நொடி.
அவனுக்கு ஒன்பது.

அப்போதுதான் அந்தப் பாவி
குதிரையால் உள்பக்கச் சிப்பாயை வெட்டினான்.
நான் குதிரையை வெட்டினேன்,
வெட்டிய வேகத்தில் அதை
இடது கைக்குள் இறுக்கிக்கொண்டேன்.
ஜெயித்துவிட்டேன் என்று
காது மடல் வரை சூடு.

ஆனால் மிஞ்சிய சிப்பாய் ஓரத்துச் சிப்பாய்.
அவன் ராஜா மூலைக்குள் ஓடி
மூட்டைப்பூச்சி மாதிரி உட்கார்ந்துகொண்டான்.
உள்ளே ஒரு கட்டம், வெளியே ஒரு கட்டம்.
நானும் முன்னே ஒரு கட்டம், பின்னே ஒரு கட்டம்.
தப்பு பண்ணுடா, ஒரே ஒரு தடவை
என்று மனசுக்குள் கெஞ்சினேன்.
பண்ணவில்லை.

"டைம்!"

கத்தியது அவன்தான்.
என் பக்கம் பூஜ்யம்.
அவன் பக்கம் ஒரே ஒரு நொடி, மெலிந்து.
எழுந்தே விட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்தது.
கதவுக்கு வெளியே அத்தா
கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

நடுவர் வந்தார். சட்டைப்பையில் மூன்று பேனா.
பலகையை ஒருமுறைதான் பார்த்தார்.
"உன்கிட்ட ராஜா மட்டும்தானே தம்பி?
எத வச்சு மேட் பண்ணுவ?
டிரா. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

எமிலியன் மெதுவாக உட்கார்ந்தான்.
வாய்க்குள்ளேயே சொன்னான்:
"குதிரையை வச்சிருந்தா ஜெயிச்சிருப்பேன்."
"வச்சிருந்தா என் சிப்பாய் ராணி ஆகியிருக்கும்."
"ஆகியிருக்காது. உனக்கு டைம் இல்ல."
"உனக்கு மட்டும் இருந்துச்சா?"

அதற்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை.
கடிகாரத்தை ஓரமாக வைத்துவிட்டு
அதே இடத்தை மறுபடி அடுக்கினோம்.
இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம்.
யோசித்தோம்.
அவன் வெள்ளை, நான் கறுப்பு. பிறகு மாற்றி.
எத்தனை தடவை தள்ளினாலும்
அந்த ஓரத்துச் சிப்பாய்
மூலையில் போய் முட்டி நின்றது.
இதற்காகவா வேர்த்தேன்?

நான் வெட்டாமல் விட்டிருந்தால்
அந்தக் குதிரை இருந்திருக்கும்,
குதிரை இருந்திருந்தால்
என் பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்திருக்கும்.
ஜெயிக்கிறேன் என்று தின்றது
தோற்காமல் காப்பாற்றியிருக்கிறது.
இதை அத்தாவுக்கு எப்படிச் சொல்வது?
நாலரை என்று சொன்னால் போதும்.

எட்டாவது சுற்றுக்கு மணி அடித்தது.
அடுத்து உட்காரப்போகிற சின்னப் பையன்
காய்களை அடுக்கிவிட்டு விழித்தான்:
"அக்கா, கறுப்புல ஒண்ணு குறையுது."

இடது கையைத் திறந்தேன்.
ரேகை நெடுக குதிரையின் பிடரி பதிந்திருந்தது.
எமிலியன் பார்த்துவிட்டுச் சிரித்தான்,
பலகையின் அந்தப் பக்கத்திலிருந்து
கையை நீட்டினான்.

கொடுத்தேன்.
பிஸ்கட் தூள் இப்போது இல்லை,
என்னுடையதைப் போலவே
ஈரம்.